குளோப் திட்டம்: அளக்கக் கற்றுத்தரும் ஆசிரியர் பயிற்சி

புவியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ நடத்துகிறவர்களில் பலர் மழைமானியை வருடக்கணக்காகப் பலகையில் வரைந்து காட்டியிருப்பார்கள். ஒருநாளாவது குனிந்து, அதில் எத்தனை மில்லிமீட்டர் என்று படித்திருக்க மாட்டார்கள். அவர்கள்மேல் குற்றம் சொல்ல முடியாது. பணியிடைப் பயிற்சி என்றாலே நாற்காலியில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பது என்றாகிவிட்டது. கருவியைக் கையில் கொடுத்துப் பழக்கும் அரசுத் திட்டங்கள் சில இருக்கின்றன. அவற்றில் எனக்குத் தெரிந்து அதிக ஆசிரியர்களுக்கு எட்டக்கூடியது குளோப். அது யாருக்கு உண்டு, என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது, எப்படிச் சேர்வது என்று பார்த்துவிடலாம்.

குளோப் அமெரிக்க அரசின் திட்டம். 1994 புவி நாளன்று அப்போதைய துணை அதிபர் அல் கோர் இதை அறிவித்தார். அடுத்த ஆண்டு அதே நாளில் நடைமுறைக்கு வந்தது. பெயர் ஓர் ஆங்கிலச் சுருக்கம். சுற்றுச்சூழலின் நலனுக்காக உலகம் முழுதும் கற்பதும் கவனிப்பதும் என்று அதற்கு விரிவு சொல்லலாம். நாசா முன்னின்று நடத்துகிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளை, கடலையும் வளிமண்டலத்தையும் கவனிக்கும் நோவா அமைப்பு, வெளியுறவுத் துறை ஆகியவை துணை நிற்கின்றன. பள்ளிக்கூடத் திட்டத்தில் வெளியுறவுத் துறைக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஒவ்வொரு நாடும் அமெரிக்காவோடு ஒப்பந்தம் செய்துகொண்டுதான் இதில் சேர்கிறது, அதனால்தான். அப்படிச் சேர்ந்த நாடுகள் 120-க்கும் மேல். இந்தியாவும் இலங்கையும் அவற்றில் அடக்கம்.

யாருக்கு உண்டு

உங்கள் நாடு உறுப்பு நாடாக இருக்க வேண்டும். முக்கியமான நிபந்தனை அது ஒன்றுதான். தொடக்கப்பள்ளியா மேல்நிலைப்பள்ளியா என்ற பேதமில்லை. அறிவியல் மையம், அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கற்பிப்பவர்களும் வரலாம். வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறவர்களும் வரலாம். புவி அறிவியலில் பட்டம் வேண்டுமா என்றால், வேண்டாம். கணித ஆசிரியர் ஒருவர் மரத்தின் உயரத்தை அளக்கும் பகுதியை எடுத்து முக்கோணவியலை நடத்தினால் அதுவும் குளோப் பாடம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு நடத்துகிறவர்களுக்கென்று மேகம், மண், நீர், பருவங்கள் பற்றிய படக்கதைகள் தனியாக இருக்கின்றன. அவையும் இலவசம்.

என்ன கிடைக்கும்

அளவீட்டு வழிமுறைகள் முழுவதும் கிடைக்கும். இவற்றைத்தான் திட்டத்தின் முதுகெலும்பு என்பேன். வளிமண்டலம், நீர்க்கோளம், உயிர்க்கோளம், மண் என்று நான்கு பிரிவு. ஒவ்வொன்றிலும் எதை, எந்தக் கருவியால், எந்த நேரத்தில், எத்தனை முறை அளப்பது, தாளில் எப்படி எழுதுவது என்று படிப்படியாக எழுதப்பட்டிருக்கும். அப்புறம் பயிற்சி. அதை முடித்ததும், நீங்களும் மாணவர்களும் எடுத்த அளவுகளைத் திட்டத்தின் தரவுத்தளத்தில் பதியும் உரிமை வரும். தரவுத்தளம் எல்லோருக்கும் திறந்தது. இதுவரை சேர்ந்திருக்கும் அளவுகள் 20 கோடிக்கும் மேல். வேறொரு கண்டத்தில் ஒரு பள்ளி எடுத்த மண் வெப்பநிலையை உங்கள் வகுப்பு இறக்கி, வரைபடம் போட்டு, தன்னுடைய அளவோடு ஒப்பிடலாம். ஆண்டுதோறும் மாணவர்களின் ஆய்வறிக்கைகளுக்காக இணையவழிக் கருத்தரங்கு ஒன்றும் நடக்கிறது.

பயிற்சி இரண்டு வழியில் நடக்கிறது. நேரடிப் பயிலரங்கு ஒன்று. அந்தந்த நாட்டின் ஒருங்கிணைப்பாளரும் அங்கீகாரம் பெற்ற பயிற்றுநர்களும் நடத்துவார்கள். இன்னொன்று ஆன்லைன். அதில் முதலில் திட்ட அறிமுகம், பிறகு நீங்கள் எடுத்துக்கொண்ட பிரிவின் அறிமுகம், கடைசியாக நீங்கள் செய்யப்போகும் அளவீட்டின் பாடம் என்று மூன்று அடுக்கு. ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு சிறு தேர்வு. வசதிக்கு ஆன்லைன் சரி. ஆனால் முடிந்தால் நேரடிப் பயிலரங்குக்கே போங்கள் என்பேன். மண்ணை நனைத்து விரல்களுக்கிடையே நாடாபோலப் பிதுக்கி, எவ்வளவு நீளம் உடையாமல் வருகிறது என்று பார்த்துக் களிமண்ணின் அளவைக் கணிக்கும் வித்தையைத் திரையில் பார்த்து யாரும் கற்றுக்கொள்ள முடியாது. பக்கத்தில் நிற்கிறவர் உங்கள் விரலைப் பார்த்து, "தண்ணீர் அதிகமாகிவிட்டது" என்று சொல்ல வேண்டும்.

பயிற்சி எப்படி இருக்கும்

காற்றின் வெப்பநிலையை எடுத்துக்கொள்வோம். பாடநூலில் இது ஒரு வரி. இங்கே அரைநாள் வேலை. வெப்பமானி, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்ட வெள்ளைப் பெட்டிக்குள், தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்துக் கட்டடம் 5 மீட்டர் உயரம் என்றால் பெட்டி அதிலிருந்து 20 மீட்டர் தள்ளி, அதாவது உயரத்தைப் போல நான்கு மடங்கு தூரத்தில். வட அரைக்கோளத்தில் பெட்டியின் கதவு வடக்கு பார்க்க வேண்டும். கதவைத் திறக்கும்போது வெயில் நேராக வெப்பமானிமேல் விழக் கூடாது என்பதற்காக. தென் அரைக்கோளத்தில் தெற்கு. இந்த ஒரு கதவை வைத்தே சூரியனின் தோற்றப்பாதையை ஒரு வகுப்பு முழுக்க நடத்திவிடலாம்.

அடுத்து வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்ற சோதனை. நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த பாத்திரத்தில் வைத்துக் காத்திருந்தால் அது சுழியத்துக்கு அரை பாகைக்குள் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான். கடையில் வாங்கிவந்த கருவியே பொய் சொல்லும் என்று பிள்ளைகளுக்கு முதல்முறை புரிவது இந்த இடத்தில்தான்.

நேரக்கணக்கும் உண்டு. தினசரி அளவுகளை உச்சிப்பொழுதுக்கு ஒரு மணி நேரம் முன்பின்னாக எடுக்க வேண்டும். கடிகாரத்தின் 12 மணி அல்ல, சூரியனின் உச்சி. காலை 6.10-க்கு விடிந்து மாலை 6.30-க்கு அடைகிற நாளில் அது 12.20. உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுப்புள்ளி, அவ்வளவுதான். பள்ளி நேரத்துக்குள் வருகிறது என்பது கூடுதல் வசதி.

மழைக்கு வருவோம். என்னைக் கேட்டால் இந்தப் பயிற்சியின் மிகப் பெரிய பாடம் மழைத்தாளில் இருக்கிறது. மழை பெய்யாத நாளில் 0 எழுத வேண்டும். பார்க்கப் போகாத நாளில் 0 எழுதக் கூடாது, 'அளவு இல்லை' என்பதற்கான குறியைப் போட வேண்டும். குழாயில் அரை மில்லிமீட்டரைவிடக் குறைவாக ஈரம் இருந்தால் அது 0-வும் அல்ல, 0.5-உம் அல்ல, அதற்கு 'சுவடு' என்று தனிக் குறி. வெள்ளிக்கிழமை உச்சியில் காலி செய்த மானியில் திங்கட்கிழமை 14 மில்லிமீட்டர் நின்றால், '14 மில்லிமீட்டர், 3 நாள் சேர்ந்தது' என்று பதிய வேண்டும். அதை மூன்றால் வகுத்து நாளுக்கொன்றாகப் போடக் கூடாது. விடுமுறை நாட்களுக்கெல்லாம் 0 போட்டு அட்டவணையை அழகாக நிரப்பியவன்தான் நானும். ஒரு கோடை முழுக்க அந்த ஊரில் மழையே இல்லை என்று நான் எழுதிவைத்தது எவ்வளவு பெரிய பொய் என்று பிறகுதான் உறைத்தது. தெரியாததைத் தெரியாது என்று எழுதுவது எவ்வளவு சிரமம் என்று ஆசிரியரே பட்டுணர்ந்தால்தான் மாணவரிடம் அதைக் கேட்க முடியும்.

உயிர்க்கோளப் பிரிவில் நிலப்போர்வையை, அதாவது தரையை மூடியிருப்பது எது என்பதைப் பதிவதற்கு 90 மீட்டருக்கு 90 மீட்டர் அளவில் ஒரேமாதிரியான நிலம் கேட்பார்கள். ஏன் 90? லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 30 மீட்டருக்கு 30 மீட்டர். இடம் குறிப்பதில் சற்று விலகிப் போனாலும் நடுப்புள்ளி நம் நிலத்திலேயே விழட்டும் என்று சுற்றிலும் ஒரு வரிசை கூட்டி, மூன்றுக்கு மூன்றாக ஒன்பது புள்ளி. இதைக் காலால் நடந்து அளந்த பிறகு செயற்கைக்கோள் படம் பற்றி நீங்கள் நடத்தும் பாடம் நிச்சயம் வேறு மாதிரி இருக்கும்.

மேகம்தான் எல்லாவற்றிலும் எளிது. கருவியே வேண்டாம், கண் போதும். வானத்தில் எத்தனை பங்கு மேகம், கீற்றா, திரளா, படையா, விமானம் விட்டுப்போன வெண்கோடு உண்டா என்று பதிய வேண்டும். நாசாவின் செயற்கைக்கோள் உங்கள் தலைக்கு மேல் போகும் நேரத்தை ஒட்டிப் பதிந்தால், அது மேலிருந்து கண்டதையும் நீங்கள் கீழிருந்து கண்டதையும் அருகருகே வைத்து மின்னஞ்சல் வரும். இரண்டும் ஒத்துப்போகாத நாட்கள்தான் வகுப்புக்கு விருந்து. மேல் அடுக்கு மேகம் கீழ் அடுக்கை மறைத்திருக்கும், அல்லது மெல்லிய கீற்று மேகம் செயற்கைக்கோளின் கண்ணில் படாமல் போயிருக்கும். யார் சொல்வது சரி என்று பிள்ளைகள் சண்டை போடுவார்கள். போடட்டும்.

என்ன கிடைக்காது

பணம் கிடைக்காது. சேரக் கட்டணம் இல்லை. ஆனால் கருவிகளைப் பள்ளிதான் வாங்க வேண்டும். மரத்தின் உயரம் பார்க்கும் சாய்வுமானியைப் பாகைமானி, உறிஞ்சுகுழல், நூல், ஒரு சிறு எடை இவற்றைக் கொண்டு நாமே செய்துகொள்ளலாம். நீரின் தெளிவைப் பார்க்கும் குழாயும் அப்படியே. ஆனால் தரைப்பரப்பின் வெப்பநிலையை அளக்க அகச்சிவப்பு வெப்பமானி வேண்டும், நீரில் கரைந்த ஆக்சிஜனுக்குச் சோதனைப் பெட்டி வேண்டும். நேரடிப் பயிலரங்குக்குப் பயணச் செலவு உண்டா என்பது நடத்துகிறவரைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

சான்றிதழைப் பணி உயர்வுக்கோ கட்டாயப் பயிற்சி மணிநேரக் கணக்குக்கோ எடுத்துக்கொள்வார்களா என்பதும் உங்கள் கல்வித் துறையின் முடிவு. குளோப் அதற்கு உறுதி தருவதில்லை. எனவே பயிற்சிக்கு முன்பே தலைமையாசிரியர் வழியாக எழுதிக் கேட்டுவிடுங்கள். முடித்துவிட்டு வந்து கேட்டால் "முன் அனுமதி எங்கே" என்ற கேள்விதான் வரும்.

மொழி இன்னொரு தடை. வழிமுறைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. இதற்கு நான் சொல்லும் வழி, களத்தில் பிடிக்கும் ஒரு பக்கத் தாளை மட்டும் முதலில் தமிழாக்கிக்கொள்வது. முழு வழிகாட்டியையும் மொழிபெயர்க்க உட்கார்ந்தால் மழைக்காலம் போய்விடும்.

இதைப் போன்ற வேறு சில

நோவா 1990 முதல் 'கடலில் ஆசிரியர்' என்றொரு திட்டம் நடத்துகிறது. தேர்வாகும் ஆசிரியர் ஆய்வுக் கப்பலில் ஏறி, அறிவியலாளர்களோடு சேர்ந்து மீன் கணக்கெடுப்பு, கடலடி அளவீடு போன்ற வேலைகளைச் செய்வார். அருமையான வாய்ப்பு. ஆனால் அமெரிக்காவில் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு மட்டும். ஐரோப்பியப் புவி அறிவியல் ஒன்றியம் அரசு அமைப்பல்ல, என்றாலும் சொல்ல வேண்டும்: 2003 முதல் தன் ஆண்டுக் கூட்டத்தோடு சேர்த்துப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிலரங்கு நடத்திவருகிறது. ஆய்வு செய்கிறவர்களே வந்து பேசுவார்கள். இவை இரண்டிலும் இடம் கொஞ்சம், போட்டி அதிகம். குளோப்பில் அந்த வடிகட்டல் இல்லை.

எப்படித் தொடங்குவது

முதலில் குளோப் இணையதளத்தில் உங்கள் நாட்டின் பக்கத்தைத் திறந்து ஒருங்கிணைப்பாளர் யார் என்று பாருங்கள். பயிலரங்கு எப்போது என்று அவருக்கு எழுதுங்கள். பதில் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். 'குளோப் அப்சர்வர்' என்ற இலவச செயலி கைபேசிக்கு உண்டு. அதில் மேகம், நிலப்போர்வை, மரம், கொசு வளரும் இடம் ஆகியவற்றைப் பதியலாம். தேவையான சிறு பயிற்சி செயலிக்குள்ளேயே இருக்கிறது, ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இது பிடித்திருந்தால் ஆசிரியர் கணக்குத் தொடங்கி, ஆன்லைன் பாடங்களை முடித்து, பள்ளியைப் பதியுங்கள்.

பட்டியலைப் பார்த்ததும் பத்து அளவீடுகளைச் செய்துவிடலாம் என்று ஆசை வரும். ஒன்றே ஒன்றை எடுங்கள். முதல் வருடத்துக்கு மேகமோ மழையோ போதும். யார் அளப்பது என்று வார முறை போட்டு, இரண்டிரண்டு மாணவர்களாக அனுப்பி, இருவரும் தனித்தனியாகப் படித்து எழுதச் சொல்லுங்கள். எண்கள் வேறுபட்டால் திரும்பப் போய்ப் பார்க்கட்டும். பெரும்பாலும் ஒருவர் நின்றபடி படித்திருப்பார், மற்றவர் நீர்மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்தி, குழிந்த மேற்பரப்பின் அடியைப் பார்த்துப் படித்திருப்பார். அளக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, கடல் மட்டத்திலிருந்து உயரம், சுற்றியுள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும் முதல் நாளே குறித்து, நான்கு திசையிலும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் பக்கத்தில் புதுக் கட்டடம் எழும்பி எண்கள் மாறினால், ஏன் என்று சொல்ல அந்தப் படங்கள்தான் இருக்கும்.