பைபாஸுக்குப் பிறகு எத்தனை கம்பம் நடக்கலாம்?

ஏப்ரல் மூன்றாம் வாரம் மண்டபத்திலிருந்து ஒருவர் வந்தார். இரண்டு கைகளையும் நெஞ்சின் குறுக்கே கட்டிக்கொண்டு, தோளை முன்னால் வளைத்து, தரையைப் பார்த்தபடி நடந்துவந்தார். பைபாஸ் செய்துகொண்டவர்கள் பலர் என் அறைக்குள் இப்படித்தான் நுழைகிறார்கள். கையை எடுத்தால் நெஞ்சு பிளந்துகொள்ளும் என்று பயம். மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்து 5 வாரம் ஆகியிருந்தது. அந்த 5 வாரமும் கட்டில், கழிப்பறை, மறுபடி கட்டில். "ஒரு துரும்பைக்கூட எடுக்க விடவில்லை டாக்டர்" என்று அவர் மனைவி பெருமையோடு சொன்னார். (நான் பிசியோதெரபிஸ்ட். இந்தக் கரையில் எங்களையும் டாக்டர் என்றே கூப்பிட்டுவிடுகிறார்கள்.) டிஸ்சார்ஜ் தாளில் ‘ஓய்வு தேவை’ என்று இருந்தது. எத்தனை நாள், எப்படிப்பட்ட ஓய்வு என்று ஒரு வரி இல்லை.

அவர் விசைப்படகு டிரைவர். கேட்டது ஒரே கேள்விதான்: "தொழிலுக்கு எப்போது போகலாம்?"

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியிருந்த நேரம். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகே கரையில்தானே அண்ணே நிற்கிறது. அதுவரை நாம் நடப்போம்" என்றேன்.

இந்தியாவின் முதல் பைபாஸை 1975-ல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் செய்தார். அரை நூற்றாண்டில் அறுவை சிகிச்சை எங்கேயோ போய்விட்டது. வீட்டுக்கு வந்தபின் என்ன செய்வது என்பதில்தான் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம். காலிலிருந்து ஒரு ரத்தக்குழாயை எடுத்து (ஊரில் ‘நரம்பு’ என்பார்கள், நரம்பல்ல) அடைப்பைத் தாண்டி இதயத்துக்கு ஒரு புதுவழி போட்டிருக்கிறார்கள். பழைய அடைப்பும் அதை உண்டாக்கிய சர்க்கரையும் கொழுப்பும் அங்கேயேதான் இருக்கின்றன. போதாததற்குப் படுத்தே கிடந்ததில் தொடைத் தசை கரைந்திருக்கும். நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரியாமல் இருக்கும். 2021-ல் காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு இதய ரத்தக்குழாய் நோயாளிகள் 23,430 பேரை உள்ளடக்கிய 85 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. உடற்பயிற்சி வழியிலான மறுவாழ்வுச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு மாரடைப்பும், இதய நோயால் நேரும் இறப்பும், மருத்துவமனையில் சேர்வதும் குறைந்திருந்தன. வாரம் மூன்று முறை மதுரைக்குப் பஸ் ஏற வேண்டியதும் இல்லை. முறையாகக் கற்றுக்கொண்டு, அவ்வப்போது சரிபார்த்துக்கொண்டால் வீட்டிலேயே செய்யும் பயிற்சியும் ஏறக்குறைய அதே பலனைத் தருகிறது.

முதல் நாள் அவரை எங்கள் தாழ்வாரத்தில் 6 நிமிடம் நடக்கவிட்டு அளந்தேன். 240 மீட்டர். அதை வைத்துத்தான் வீட்டுக் கணக்கைப் போட்டேன். அவர் தெருவில் மின்கம்பங்கள் இருக்கின்றன. இரண்டு கம்பம் போய்த் திரும்பி வர வேண்டும், ஒரு நாளைக்கு மூன்று முறை. உடம்பு ஏற்றுக்கொண்டால் இரண்டு நாளைக்கு ஒரு கம்பம் கூட்டலாம். தூரம் கூடியபின், முதல் 5 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் மெல்ல நடை. வேகமாக நடந்து சட்டென்று நின்றால் ரத்தம் காலிலேயே தேங்கி, தலை சுற்றிவிடும்.

வேகத்தை எதை வைத்துப் பார்ப்பது? கீழக்கரையில் ஒரு பெரியவர் துபாயிலிருந்து மகன் அனுப்பிய கடிகாரத்தில் நாடித்துடிப்பைப் பார்த்துக்கொண்டே நடப்பார். மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு எளிதில் ஏறாது; அந்த எண்ணை நம்பி நடந்தால் அளவு மீறிவிடும். பக்கத்தில் வருகிறவரோடு பேச முடிகிறதா என்று பாருங்கள். வாக்கியம் பாதியில் அறுந்தால் வேகம் அதிகம். வலை இழுக்கும்போது பாடும் அம்பாவையே பாட முடிகிறது என்றால் இன்னும் கொஞ்சம் எட்டிப் போடலாம்.

கடற்கரை பக்கத்தில் இருக்கிறது, மணலில் நடக்கலாமே என்று எல்லோரும் கேட்கிறார்கள். வேண்டாம். பொலபொலவென்ற மணலில் நடக்கத் தார்ச்சாலையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகும். எதிரே கச்சான் காற்றும் அடித்தால் கேட்கவே வேண்டாம். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு போய்ச் சிப்பியையோ தூண்டில் முள்ளையோ மிதித்துவிட்டு, அது தெரியாமலே வீடு திரும்புவதையும் பார்த்திருக்கிறேன்.

இனி நெஞ்செலும்பு. அறுத்த எலும்பைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். எலும்பு ஒன்றுசேர 8 முதல் 12 வாரம் ஆகும். சர்க்கரை இருந்தால் இன்னும் தாமதமாகலாம். இரண்டு கையையும் ஒன்றாக மெல்லத் தலைக்குமேல் தூக்கி இறக்கலாம், தூக்கவும் வேண்டும். இல்லையென்றால் தோள் இறுகிவிடும். பாரம் தூக்குவதும் தள்ளுவதும் இழுப்பதும்தான் கூடாது. இருமும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். தொழுகையில் சஜ்தா செய்து கையை ஊன்றி எழுகிறவர்கள் அந்த வாரங்களில் நாற்காலியில் அமர்ந்து தொழுவது நல்லது.

இந்த விஷயத்தில் எனக்கு ஒரு கோபம் உண்டு. இங்கே ஆண்களை அசைய விடுவதில்லை, பெண்களை உட்கார விடுவதில்லை. பெரியபட்டினம் பக்கத்து அம்மா ஒருவர் 19-ஆம் நாளே அடிகுழாயில் தண்ணீர் அடித்திருக்கிறார். மருமகள் கடல்பாசி எடுக்கப் போயிருந்தாராம். "மெதுவாகத்தான் அடித்தேன்" என்றார். குடம் 15 லிட்டர் பிடித்தால் தண்ணீர் மட்டும் 15 கிலோ. அந்த வாரத்தில் இரண்டு மூன்று கிலோவுக்கு மேல் தூக்கவே கூடாது. மூச்சு விடும்போதெல்லாம் நெஞ்சில் சொடுக்குப் போடுவதுபோல் சத்தம் கேட்கிறது என்று வந்தார். அன்றே அறுவை செய்த மருத்துவரிடம் அனுப்பினேன். வீட்டு வேலை செய்கிறாரே, அதுவே பயிற்சிதானே என்றார் அவர் கணவர். இல்லை. தண்ணீர் அடிப்பதும் தள்ளுவண்டி தள்ளுவதும் மூச்சைப் பிடித்துச் செய்கிற வேலை. ரத்த அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும்.

நடக்கும்போது நெஞ்சு அழுத்தினாலோ, தலை சுற்றினாலோ, குளிர்ந்து வியர்த்தாலோ உடனே உட்காருங்கள். அடங்கவில்லை என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். காய்ச்சல், தையலில் நீர் கசிவு, இரண்டு மூன்று நாளில் எடை 2 கிலோ ஏறுவது ஆகியவற்றுக்கும் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மண்டபத்துக்காரர் தடைக்காலம் முடிந்த இரவு படகேறவில்லை. இதய மருத்துவர் டிஎம்டி (ஓடும் பட்டையில் நடக்கவிட்டு இதயத்தைப் பார்க்கும் சோதனை) பார்த்துச் சரி என்ற பிறகு, ஜூலையில், ஸ்டியரிங் பிடிக்க மட்டும் போனார். கயிறு இழுப்பதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை. இப்போதுதான் ரப்பர் பட்டையை, மூச்சை வெளியே விட்டபடி, 10 முறை இழுக்கிறார். போன வாரம் நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். கடைசி வரி: "38 கம்பம். கச்சான். பேச முடிந்தது."