மையில்லாத அச்சுப்பொறியில் எழுத்து எங்கிருந்து வருகிறது?

ஹட்டனில் ஒரு சிறிய அலுவலகத்தில் பணிபுரியும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: மாத இதழை அனுப்புவதற்காக முகவரி லேபல் அடிக்கும் அவர்களது அச்சுப்பொறியில் மையும் இல்லை, டோனரும் இல்லை, அப்படியானால் எழுத்து எங்கிருந்து வருகிறது, ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு லேபல் கட்டின் முகவரிகள் மட்டும் மங்கியது ஏன்?

எழுத்து லேபலுக்குள்ளேயே இருக்கிறது. வெப்ப அச்சுப்பொறி எனப்படும் இதன் அச்சுத்தலையில் மில்லிமீற்றருக்கு 8 என்ற கணக்கில் வரிசையாக நிற்கும் நுண்ணிய மின்தடைகள், கணினி கட்டளையிட்ட புள்ளிகளில் மட்டும் கணப்பொழுது சூடேறித் தாளைத் தொடுகின்றன. அச்சுப்பொறியின் வேலை அவ்வளவுதான்.

மீதி அனைத்தும் தாளின் மேற்பூச்சில் நடக்கிறது. அங்கே நிறமற்ற சாயமொன்றும் வலுக்குறைந்த அமிலமொன்றும் தனித்தனித் துகள்களாக, ஒன்றையொன்று தீண்டாமல் உறைந்திருக்கின்றன. இவ்வகைச் சாயங்களுள் பெயர்பெற்ற கிரிஸ்டல் வயலட் லாக்டோனை எடுத்துக்கொள்வோம். அதில் நடுவிலுள்ள ஒரு கார்பன் அணுவுடன் மூன்று பென்சீன் வளையங்கள் இணைந்துள்ளன; அதே கார்பனை ஓர் ஒட்சிசன் அணுவும் பிடித்துக்கொண்டு, லாக்டோன் எனும் சிறுவளையத்தை மூடி வைத்திருக்கிறது. தேயிலைத் தோட்டக் குடியிருப்பு வரிசையான லயத்தின் காம்பிராக்களைப் போல, இடையில் சுவர் இருப்பதால் ஒவ்வொரு பென்சீன் வளையத்தின் இலத்திரன்களும் தத்தம் அறைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன. அந்நிலையில் அவை புறஊதாக் கதிரை மட்டுமே உறிஞ்சுவதால் நம் கண்ணுக்கு நிறம் தெரிவதில்லை. சூடு பட்டு மேற்பூச்சு உருகியதும் அமிலம் சாயத்தை வந்தடைந்து ஒரு புரோத்தனை, அதாவது ஐதரசன் கருவை, கொடுக்க, ஒட்சிசன் பிடியை விடுகிறது, சிறுவளையம் திறக்கிறது, நடுக்கார்பன் தட்டையாகிறது. சுவர் விழுந்த லயத்தில் பிள்ளைகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுவதுபோல இலத்திரன்கள் மூன்று வளையங்களிலும் பரவி, கட்புலனாகும் ஒளியை உறிஞ்சத் தொடங்குகின்றன. வெறுந்தாளில் நீல ஊதா நிறம் பிறக்கிறது. கறுப்பாக அச்சாகும் லேபல்களில் புளுவோரன் வகைச் சாயங்கள் இதே வளையத் திறப்பைச் செய்கின்றன. ஓர் ஒட்சிசன் பிடியைத் தளர்த்துவதால் ஒருவருடைய பெயர் தாளில் தோன்றுகிறது என்பதை எத்தனை முறை எண்ணினாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இதைக் கண்ணால் காண ஆய்வுகூடம் தேவையில்லை. சுமார் 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். ஆயினும் அந்நீரில் ஊற்றிய பிளேன்டீயை எவர்சில்வர் டம்ளரோடு வெற்று லேபலின்மேல் வைத்தால், டம்ளரின் அடிவிளிம்பு கருவளையமாகப் பதியும்.

மங்கலுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, திறந்த வளையம் மீண்டும் மூடக்கூடியது. எண்ணெயும், பிவிசி பிளாஸ்டிக்கில் கலந்துள்ள மென்மையாக்கிகளும் சாயத்தை அமிலத்திடமிருந்து பிரிக்கின்றன. இரண்டாவது வெயில்; அது சாயத்தையே சிதைக்கிறது. உங்கள் ஜன்னலோரக் கட்டுக்கு நேர்ந்தது இரண்டாவது.

தோட்டங்களில் பல குடும்பங்களுக்கு இன்னும் வீட்டிலக்கத்துடன் கூடிய தனி முகவரி இல்லை. பெயர், டிவிஷன், தோட்டம் என்ற மூன்று வரிகளை நம்பியே கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போய்ச் சேருகிறது. அவற்றுள் ஒரு வரி மங்கினாலும் கடிதம் உரியவர் கைக்குப் போகாது என்பதால், இதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. லேபல் சுருள்களை வெயில் படாத மேசை இழுப்பறையில் வையுங்கள். முகவரியின்மேல் ஒட்டுநாடா ஒட்டாதீர்கள். நெடுநாள் இருக்க வேண்டிய கோப்புகளுக்கு, மைநாடாவை உருக்கிப் பதிக்கும் அச்சுப்பொறியைப் பயன்படுத்துங்கள். கையிலிருப்பது எவ்வகை லேபல் என்று ஐயமிருந்தால் நகத்தால் வேகமாக ஒரு கோடு கீறிப் பாருங்கள்: உரசலின் சூட்டில் கோடு கறுத்தால், அது மங்கக்கூடிய வகை.