எத்னிக் கிளப் என்றால் ‘இனவாதக் கழகம்’ இல்லை

‘ஆஸ்திரேலியாவில் இனவாதக் கால்பந்துக் கழகங்கள் மீண்டும் தலைதூக்குகின்றன’ என்று தமிழில் ஒரு வரி வந்தால், படிப்பவர் ஏதோ கலவரச் செய்தி என்றே நினைப்பார். மூலத்தில் இருப்பது ‘எத்னிக் கிளப்’. கிரேக்கர், இத்தாலியர், குரோஷியர், மாசிடோனியர், ஹங்கேரியர் என்று இரண்டாம் உலகப் போருக்குப் பின் கப்பலேறிப் போனவர்கள் தங்கள் பேட்டையில் தொடங்கிய பந்தாட்டக் கழகம். அவ்வளவுதான் அதன் பொருள். அதற்குள் ‘வாதம்’ எங்கிருந்து நுழைந்தது?

வேர் கிரேக்கம். ‘எத்னோஸ்’ என்றால் கூட்டம். ஹோமர் தேனீக் கூட்டத்துக்கும் இதையே சொல்கிறார். பின்னாளில் கிறித்தவ வழக்கில் ‘புறச்சமயத்தார்’ என்ற பொருள் ஏறி, ஆங்கிலத்தில் நெடுங்காலம் அப்படியே நின்றது. ஆஸ்திரேலியப் பேச்சில் ‘பிரிட்டிஷ் வழி வராதவர்’ என்று சுருங்கியது. கிரேக்கர் கொடுத்த சொல்லாலேயே கிரேக்கரை ஒதுக்கிவைத்த வேடிக்கை அது. நம் ‘இனம்’ என்ற சொல்லும் கூட்டம், சுற்றம் என்ற பொருளுடையதுதான். ‘இனம் இனத்தோடு சேரும்’ என்பதில் வெறுப்பு ஏதுமில்லை. ஆகவே ‘இன’ வரைக்கும் தவறில்லை, ‘வாத’ ஒட்டும்போதுதான் வினை.

பெயரடை வேண்டும் என்றால் ‘வாத’ ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்பாளர் சிலருக்குக் கைப்பழக்கம். ‘வாதம்’ கொள்கையைக் குறிக்கும் ஈறு. இனவாதி என்றால் தன் இனமே உயர்ந்தது என்பவன். இலங்கைத் தமிழருக்கு இது வெறும் அகராதிச் சொல் அல்ல, பட்ட காயம். மேற்குச் சிட்னியில் குடியிருக்கும் ஈழத்தமிழர் ஒருவர், எடென்சர் பார்க்கில் ஆடும் குரோஷியரின் சிட்னி யுனைடெட்டையும் போஸ்லி பார்க்கில் உள்ள இத்தாலியரின் மார்க்கோனியையும் ‘இனவாதக் கழகங்கள்’ என்று படித்தால், பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புவாரா?

உண்மை நிலவரமோ நேர்மாறு. ஆஸ்திரேலிய அணித்தலைவராக இருந்த ஜானி வாரன் ஹங்கேரியர் அல்லர். ஆடியது செயின்ட் ஜார்ஜ் புடாபெஸ்ட் என்ற ஹங்கேரியர் கழகத்துக்கு. 1959இல் உருவான சவுத் மெல்பர்ன் ஹெல்லாஸ் பெயரிலேயே கிரேக்கக் கழகம்; ஹெல்லாஸ் என்றால் கிரேக்க நாடு. அது 1990–91 பருவத்தில் தேசிய லீக் பட்டம் வென்றபோது பயிற்றுநர் ஹங்கேரியின் ஃபெரென்க் புஷ்காஷ், அணித்தலைவர் ஆஞ்ச் போஸ்டகோக்லு. வந்தவனை எல்லாம் சேர்த்துக்கொண்டு ஆடிய இடத்துக்கு இப்படி ஒரு பட்டமா?

இனவாதச் செயல் அங்கே நடந்ததே இல்லை என்று சொல்லவில்லை. 2022 ஆஸ்திரேலியக் கோப்பை இறுதியாட்டத்தில் சிட்னி யுனைடெட் 58 ஆதரவாளர் சிலர் நாஜி வணக்கம் செய்தார்கள். வாழ்நாள் தடையும் விதிக்கப்பட்டது. அதை ‘இனவாதச் செயல்’ என்றுதான் எழுத வேண்டும். கழகத்தின் வகைப் பெயருக்கே அந்தச் சொல்லைச் செலவழித்துவிட்டால் இந்தச் செயலைச் சொல்ல எதை எடுப்பது?

சரி, மாற்று? ‘இனக்குழுக் கழகம்’ என்பார்கள். மானிடவியலில் இனக்குழு என்றால் பழங்குடி நினைவுதான் வரும். ‘சமூகக் கழகம்’ தனியாக நின்றால் எந்த ஊர்ச் சங்கத்துக்கும் பொருந்தும். ‘வந்தேறி’ வசைச்சொல். ‘புலம்பெயர்ந்தோர் கழகம்’ அழகுதான், ஆனால் இன்று அங்கே ஆடும் பேரப்பிள்ளைகள் எங்கிருந்தும் பெயரவில்லை. ‘குடியேறிய சமூகக் கழகம்’ என்பதே என் தேர்வு: குடியேறியது சமூகம், பிள்ளைகள் அல்லர். எந்தச் சமூகம் என்று தெரிந்தால் இந்தச் சுற்றும் வேண்டாம்; ‘கிரேக்கச் சமூகக் கழகம்’ என்று நேராக எழுதலாம். ‘கிளப்’ என்றே விட்டாலும் குற்றமில்லை. குறளில் ‘கழகம்’ சூதாடுமிடம். நியூ சவுத் வேல்ஸில் 1956 முதல் கிளப்புகளில் சூதாட்ட இயந்திரங்கள் சட்டப்படி ஓடுவதால், வள்ளுவர் பொருளும் அங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இந்தக் கழகங்கள் வீழ்ந்த கதையைச் சொல்லும்போது பிழைகள் இன்னும் பெருகுகின்றன. ‘2004இல் தரமிறக்கப்பட்டன’ என்பது தவறு. தரமிறக்கம் என்றால் புள்ளிப் பட்டியலில் கீழே முடித்துக் கீழ்ப்பிரிவுக்குப் போவது. இந்தக் கழகங்கள் ஆடிய, 1977இல் தொடங்கிய தேசிய சாக்கர் லீக் என்ற நாட்டின் உச்சப் போட்டியே 2004இல் மூடப்பட்டது. அதன் இடத்தில் 2005இல் ஏ-லீக் புதிதாக 8 அணிகளோடு, பெரும்பாலும் ஊருக்கு ஓரணி என்ற கணக்கில் தொடங்கியது. நான்கு முறை பட்டம் வென்று, 2000இல் பிரேசிலில் மான்செஸ்டர் யுனைடெட்டோடு ஆடிய சவுத் மெல்பர்ன் அதில் இல்லை, மாநில லீகுக்குப் போனது. ஆடித் தோற்று இறங்கவில்லை. நின்ற படிக்கட்டையே எடுத்துவிட்டார்கள். ‘லீக் மூடப்பட்டதால் மாநில லீகுக்குச் சென்றது’ என்று எழுதினால் போதும்.

‘பெயர் மாற்றிக்கொண்டன’ என்பதும் அரை உண்மை. மெல்பர்ன் குரோஷியா ‘நைட்ஸ்’ ஆனதும் ஹெல்லாஸ் சிலகாலம் ‘லேக்கர்ஸ்’ ஆனதும் விரும்பிச் செய்தவை அல்ல. நாட்டுப் பெயரும் சின்னமும் கூடாது என்று 1990களில் தேசியக் கால்பந்து நிர்வாகம் நெருக்கியது. 2014இல் கழக அடையாளக் கொள்கை என்ற பெயரில் புதிய பெயர்களுக்கும் சின்னங்களுக்கும் அதே கட்டுப்பாடு வந்தது, 2019இல் விலக்கினார்கள். செயப்பாட்டு வினையை வேண்டாத இடத்தில் எல்லாம் போடுகிறவர்கள் இங்கே மட்டும் ஏன் செய்வினைக்குத் தாவுகிறார்களோ.

கடைசியாக, 2025இல் வந்த ஆஸ்திரேலியன் சாம்பியன்ஷிப், ஏ-லீகுக்கு வெளியே உள்ள கழகங்களுக்கான தேசியப் போட்டி. அதன் 8 ‘ஃபவுண்டேஷன் கிளப்’கள்: சவுத் மெல்பர்ன், மார்க்கோனி, சிட்னி யுனைடெட் 58, அபியா லைக்கார்ட், பிரெஸ்டன் லயன்ஸ், ஹைடல்பர்க் யுனைடெட், அவோண்டேல், வொலொங்காங் உல்வ்ஸ். இவற்றுக்கு ‘அறக்கட்டளைக் கழகங்கள்’ என்று போட்டுவிடாதீர்கள். யாரும் அங்கே நன்கொடை வசூலிக்கவில்லை. போட்டி தொடங்கும்போதே இடம் உறுதியான கழகங்கள் அவை, ‘தொடக்கக் கழகங்கள்’.