ஃபேண்டஸிக்கு மிகுபுனைவு சரியில்லை

‘இப்போது என்ன மிகுபுனைவு வாசிக்கிறீர்கள்?’ என்று வாசகர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். மந்திரமும் கற்பித்த உலகங்களும் வரும் ஃபேண்டஸி கதைவகைக்குத் தமிழில் வழங்கும் இந்தச் சொல் பொருந்தாதது மட்டுமல்ல, புதிதாக வருபவருக்கு அந்த வகையைத் தப்பாகவே அறிமுகப்படுத்துகிறது.

மூலம் எளிது. கிரேக்கத்தில் ‘ஃபைனைன்’ என்றால் காட்டுதல். அதன்வழி வந்த ‘ஃபந்தாசியா’ மனக்கண்ணில் தோன்றும் உரு. லத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. கதைவகையின் பெயராக அது நிலைத்தது 20ஆம் நூற்றாண்டில்தான். மிகுதி என்ற பொருள் இதில் எங்குமே இல்லை.

‘மிகு’ அளவைக் குறிப்பது. இருப்பதைக் கூட்டிச் சொல்வதற்கு நம் அணியிலக்கணத்தில் உயர்வு நவிற்சி என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. ஒற்றை வாளால் நூறு பேரைச் சாய்க்கும் சரித்திர நாவல் நாயகனை மிகுபுனைவு என்றால் ஒப்புக்கொள்ளலாம். ஃபேண்டஸியின் வேறுபாடு அளவில் இல்லை, வகையில் இருக்கிறது. சொல்லப்போனால் நல்ல ஃபேண்டஸி கஞ்சத்தனமானது. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968இல் தொடங்கிய எர்த்ஸீ நாவல் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் உண்மைப் பெயர் தெரியாமல் அதன்மேல் மந்திரம் செல்லாது. அதனால் மந்திரப் பள்ளி மாணவர்கள் கோபுரத்தில் உட்கார்ந்து பெயர்ப் பட்டியல்களை உருப்போடுகிறார்கள். பள்ளி இருக்கும் ரோக் தீவில் வரவழைத்த மழை ஆஸ்கில் என்ற இன்னொரு தீவில் வறட்சியாகலாம் என்று ஆசான் எச்சரிக்கிறார். இதில் மிகை எங்கே? ‘தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ எழுதிய டோல்கீனும் 1939இல் ஆற்றிய உரையில் வற்புறுத்தியது, கற்பித்த உலகம் தனக்குள் முரண்படாமல் இருக்க வேண்டும் என்பதைத்தான்.

காதுச் சிக்கல் வேறு. தான் ஒரு கதை என்பதையே பேசும் கதையான மெட்டாஃபிக்‌ஷனை மீபுனைவு என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். மீபுனைவு, மிகுபுனைவு என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

ஃபேண்டஸிக்குச் சிலர் சொல்லும் கனவுருப்புனைவும் தேறாது, கனவுக்கு விதி கிடையாது. மாயாஜாலக் கதை என்றால் விட்டலாச்சார்யா படம்தான் நினைவுக்கு வரும்.

என் தேர்வு இல்பொருட்புனைவு. இல்பொருள் உவமையணிக்குப் பள்ளிப் புத்தகம் தரும் எடுத்துக்காட்டு, ‘காளை கொம்பு முளைத்த குதிரை போலப் பாய்ந்து வந்தது’. கொம்பு உண்டு, குதிரை உண்டு, கொம்பு முளைத்த குதிரை இல்லை. ஃபேண்டஸி செய்யும் வேலை இதுவேதான். அறிவியல் கதையும் இல்லாததைத்தானே சொல்கிறது என்பார்கள். அது ‘நடக்கக்கூடும்’ என்று வாதாடும். ஃபேண்டஸி அந்த வாதத்துக்கே போவதில்லை. பேச்சில் இந்தச் சொல் நாக்கைச் சுற்றும் என்பது உண்மை. நண்பரிடம் பரிந்துரைக்கும்போது ஃபேண்டஸி என்றே சொல்லுங்கள், குடிமுழுகாது. கட்டுரையிலும் நூலக அட்டவணையிலும் தமிழ்ச்சொல் வேண்டுமென்றால் இது.

மொழிபெயர்ப்பவர்களும் ‘மிகு’வை நம்பித்தான் எது வேண்டுமானாலும் செல்லும் என்று கிளம்பிவிடுகிறார்கள். எல்ஃபைக் குட்டிச்சாத்தான் ஆக்குவது அதில் உச்சம். டோல்கீனின் எல்ஃப்கள் நெடிய உருவினர், மூப்பு அறியாதவர்கள். குட்டியும் அல்ல, சாத்தானும் அல்ல. எல்ஃப் என்றே விட்டு, முதலில் வரும் இடத்தில் அரை வரியில் உருவத்தைச் சொன்னால் போதும். அடிக்குறிப்புகூட வேண்டாம்.