ஸ்கேனில் தெரியாத அடி

2014 உலகக் கோப்பைக் கால்பந்து இறுதிப் போட்டி. ஆட்டம் தொடங்கி ஏறக்குறைய கால் மணி நேரத்தில், ஜெர்மனியின் கிறிஸ்டோஃப் கிராமர் எதிரணி வீரரின் தோளில் முகம் மோதி விழுந்தார். எழுந்தார், திரும்பவும் ஓடினார். கொஞ்ச நேரம் கழித்து நடுவரிடம் போய், இது இறுதிப் போட்டிதானா என்று கேட்டார். நடுவர் முதலில் அதை விளையாட்டுப் பேச்சு என்றே நினைத்தாராம். 31-ஆவது நிமிடத்தில்தான் கிராமரை வெளியே அழைத்தார்கள். அந்த முதல் பாதி தமக்கு நினைவிலேயே இல்லை என்று கிராமர் பின்னர் சொன்னார்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு ‘கன்கஷன்’ என்ற சொல் பழகியிருக்கும். மூளை அதிர்ச்சி. கிராமருக்கு நேர்ந்ததும் அதுதான். மயங்கி விழுந்தால்தான் கன்கஷன் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை.

தலை வேகமாகத் திரும்பி நிற்கும்போது, திரவத்தில் மிதக்கும் மூளை உடனே நின்றுவிடாது. உள்ளே நரம்பிழைகள் இழுபடுகின்றன. செல்களின் மெல்லிய சவ்வு வழியே பொட்டாசியம் வெளியேறுகிறது, கால்சியம் உள்ளே நுழைகிறது. இதைச் சரிசெய்யச் செல்லில் உள்ள பம்புகள் ஓய்வில்லாமல் ஓட வேண்டும். அதற்கு நிறைய குளுக்கோஸ் வேண்டும். அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. ஓட்டைப் படகில் ஒருவன் விடாமல் நீர் இறைக்கிறான், அவனுக்குக் கிடைக்கும் சோறு பாதியாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல நாட்களுக்கு மூளை அப்படித்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் இன்னொரு அடி விழுவதுதான் ஆபத்து. அரிதாக, இளம் வீரர்கள் சிலருக்கு மூளை சட்டென்று வீங்கி உயிரே போயிருக்கிறது.

ஹெல்மெட் மண்டை உடைவதைத் தடுக்கும். உள்ளே மூளை அசைவதை அதனால் முழுதாக நிறுத்த முடியாது.

சரி, ஸ்கேன் எடுத்தால் தெரியாதா? சி.டி. ஸ்கேன் ரத்தக் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். செல்லுக்குள் நடக்கும் இந்தப் பற்றாக்குறை அதில் தெரியாது. 2018-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. ஒரு ரத்தப் பரிசோதனைக்கு அனுமதி தந்தது, அதுவும் சி.டி. ஸ்கேன் தேவையா என்று முடிவெடுக்க உதவுவதற்குத்தான். ஆகவே மருத்துவர் சில சொற்களைச் சொல்லித் திரும்பச் சொல்ல வைக்கிறார், மாதங்களைப் பின்னாலிருந்து சொல்லச் சொல்கிறார், ஒரு கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க வைக்கிறார். தலை வலிக்கிறதா, வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்கிறார்.

இந்தக் கேள்விகளுக்கு உண்மையான பதில் சொன்னால் வீரர் ஆட்டத்தை இழப்பார். சிக்கல் அங்கேதான். பின்னால் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சீசன் தொடங்கும் முன் எடுக்கும் அடிப்படைச் சோதனையிலேயே வேண்டுமென்று மோசமாகச் செய்துவைப்பவர்கள்கூட உண்டு. அப்புறம் அடிபட்டால் வித்தியாசம் தெரியாது அல்லவா? அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இடம் பறிபோகும் என்ற பயத்தை அவர்கள் மீது ஏற்றியது நாம்தான். வலியை மறைப்பதை வீரம் என்று எத்தனை முறை கைதட்டியிருக்கிறோம்!

நேர்மையாகப் பதில் சொன்னாலும் போதாத நேரம் உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸில் இங்கிலாந்தின் ஜோஃப்ரா ஆர்ச்சர் வீசிய பவுன்சர் ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் ஸ்மித்தின் கழுத்தைத் தாக்கியது. ஸ்மித் சோதனைகளில் தேறி, மீண்டும் வந்து பேட் செய்து 92 ரன்னில் ஆட்டமிழந்தார். அறிகுறிகள் தெரிந்தது மறுநாள் காலையில்தான். அவருக்குப் பதில் இறங்கிய மார்னஸ் லபுஷேன் டெஸ்ட் வரலாற்றின் முதல் கன்கஷன் மாற்று வீரர். சர்வதேச கிரிக்கெட் அமைப்பான ஐ.சி.சி. அந்த விதியைக் கொண்டுவந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன்: வீரரை வெளியே எடுத்தால் அணிக்கு ஆள் குறையாது என்றாகிவிட்டால், மருத்துவர் மீதான அழுத்தம் பாதியாவது இறங்கும். ரக்பியில் 12 நிமிடம் வெளியே வைத்துச் சோதிக்கிறார்கள்.

சிகிச்சையும் மாறியிருக்கிறது. இருட்டறையில் நாள் கணக்கில் படுத்திருக்கச் சொன்ன காலம் போய்விட்டது. ஓரிரு நாள் ஓய்வு, பிறகு மெதுவான நடை, இப்படி ஆட்டத்துக்குத் திரும்பப் படிப்படியாக ஆறு கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் குறைந்தது ஒரு நாள். பெரியவர்களில் பெரும்பாலோர் இரண்டு வாரத்திலும், சிறுவர்கள் சுமார் நான்கு வாரத்திலும் தேறிவிடுகிறார்கள்.

மருத்துவரே இல்லாத மைதானங்களில் என்ன செய்வது? சந்தேகம் வந்தாலே அன்றைக்கு ஆட்டம் முடிந்தது என்று உட்கார வையுங்கள். முதல் சில மணி நேரம் தனியே விடாதீர்கள், வண்டி ஓட்ட விடாதீர்கள். தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, கழுத்து வலித்தாலோ, கைகால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.