மிரட்டலுக்குப் பயந்து சாட்சி சொல்லாம இருக்கீங்களா? பாதுகாப்பு மனு போடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஒரு கொலை கேஸ்ல சாட்சி சொல்ல வந்த அக்கா ஒருத்தங்களோட கோர்ட் வராண்டால உக்காந்திருந்தேன். சம்மன்ல பத்தரை மணின்னு போட்டிருந்துச்சு, ஒரு மணி ஆகியும் கூப்பிடல. எதிரியோட (குற்றம் சாட்டப்பட்டவனோட) தம்பி கைல ரெண்டு டீயோட வந்தான், ஒண்ணை அக்காகிட்ட குடுத்துட்டு "பையன் இப்ப எட்டாவதுல்லக்கா, சாயங்காலம் தனியாத்தான நடந்து வர்றான்"னு சிரிச்சுக்கிட்டே கேட்டுட்டுப் போயிட்டான். அவ்ளோதான். அந்த அக்கா டீயைக் குடிக்கவும் இல்ல, கீழ வைக்கவும் இல்ல, ஆடை படியுற வரைக்கும் கைலயே புடிச்சிருந்தாங்க. அப்புறம் கூண்டுல ஏறி "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க"ன்னு சொல்லிட்டு இறங்கிட்டாங்க. பிறழ் சாட்சின்னு, அதாவது முன்னாடி சொன்னதை மாத்திட்டாங்கன்னு எழுதி முடிச்சாச்சு.

2023 மார்ச்ல கோயம்புத்தூர் கோர்ட் வளாகத்துக்குள்ளயே ஒரு பொண்ணு மேல அவ புருஷன் ஆசிட் ஊத்துனான், 2024 டிசம்பர்ல திருநெல்வேலி கோர்ட் வாசல்ல பட்டப்பகல்ல ஒரு ஆளை வெட்டிக் கொன்னாங்க. அதுக்கப்புறம் கேட்ல சோதனை, துப்பாக்கி போலீஸ்னு பேச்சு வந்துச்சு, அதெல்லாம் கண்டிப்பா வேணும். ஆனா கைல டீயோட வர்றவனை எந்த மெட்டல் டிடெக்டரும் புடிக்காது. அதுக்குன்னு 2018லயே சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் வந்தாச்சு. மகேந்தர் சாவ்லா கேஸ்ல சுப்ரீம் கோர்ட் டிசம்பர் 5ஆம் தேதி அதை ஏத்துக்கிட்டு, தனிச் சட்டம் வர்ற வரைக்கும் இதுதான் சட்டம்னு சொல்லிடுச்சு. இப்ப புது குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 398ஆவது பிரிவு, ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் போட்டே ஆகணும்னு சொல்லுது. விசாரணை அதிகாரியும் கோர்ட்டும் சாட்சிகிட்ட இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்லணும்னு அந்தத் திட்டத்துலயே எழுதியிருக்கு. அந்த அக்காகிட்ட யாருமே சொல்லல.

முதல்ல கேஸ் எதுன்னு பாருங்க, நிறைய மனு இங்கயே அடிபடுது. தூக்கு, ஆயுள், இல்லன்னா ஏழு வருஷமோ அதுக்கு மேலயோ தண்டனை குடுக்கக்கூடிய குற்றமா இருக்கணும். அது போக பொண்ணுங்க மேல கை வைக்கிறது, பின்னாடியே சுத்துறது, ஒளிஞ்சு படம் எடுக்குறது மாதிரி குற்றங்களுக்கு (ஐபிசிக்குப் பதிலா வந்த புது குற்றவியல் சட்டமான பிஎன்எஸ்ல 74ல இருந்து 79 வரைக்கும்) தண்டனை கம்மியா இருந்தாலும் உண்டு. சாதாரண அடிதடி, சிவில் நிலத் தகராறுன்னா இதுல வராது. அதனால எஃப்ஐஆர் காப்பியைக் கைல வச்சுக்கிட்டு என்ன செக்‌ஷன் போட்டிருக்காங்கன்னு ஒரு வக்கீல்கிட்ட காட்டிடுங்க. "சார்ஜ் ஷீட்ல உன் பேரே இல்லையே, நீ எப்படி சாட்சி"ன்னு ஸ்டேஷன்ல திருப்பி அனுப்புனா நம்பாதீங்க, குற்றத்தைப் பத்தி தகவலோ டாக்குமெண்டோ வச்சிருக்குற யாரா இருந்தாலும் சாட்சிதான்னு திட்டத்துல தெளிவா இருக்கு. நீங்க போக முடியலன்னா வீட்டு ஆளுங்க, உங்க வக்கீல், விசாரணை அதிகாரி யார் வேணா மனு போடலாம்.

அடுத்து அலைய விடுற கதை. மனுவை முடிவு பண்றது மாவட்ட நீதிபதி தலைமைல இருக்குற கமிட்டி. மாவட்ட போலீஸ் தலைவர் அதுல உறுப்பினர், மாவட்டத்துல அரசுத் தரப்பு வழக்கு நடத்துற துறையோட தலைவர் உறுப்பினர்-செயலர். மனு அந்த உறுப்பினர்-செயலர் வழியாத்தான் போகணும், இது தெரியாமப் போனா ஸ்டேஷன்ல எஸ்பி ஆபீஸ் போம்பாங்க, எஸ்பி ஆபீஸ்ல கோர்ட்டுக்குப் போம்பாங்க, கோர்ட்ல பிபியை (அரசு வக்கீலை) பாருங்கம்பாங்க. ஒரு அப்பா இப்படி மூணு வாரம் அலைஞ்சதை நான் பக்கத்துல இருந்து பார்த்தேன், கடைசில எந்த ஆபீஸ்லயும் அவர் வந்ததுக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட இல்ல. அதனால வாயால கேட்டு நிக்காதீங்க. மனுவை ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல சீலும் தேதியும் வாங்குங்க, வாங்க மாட்டேன்னா அன்னைக்கே ஸ்பீட் போஸ்ட்ல அனுப்பி ரசீதைப் பத்திரமா வைங்க. இன்னொண்ணு, குற்றம் நடந்த மாவட்டத்துலதான் போடணும். பயந்து அம்மா வீட்டுக்குப் போயிட்டு அந்த ஊர்ல மனு குடுத்தவங்களுக்கு நாள்தான் வீணாச்சு.

மனு போனதும் அந்த சப்-டிவிஷன் டிஎஸ்பிகிட்ட மிரட்டல் எவ்வளவு நிஜம்னு அறிக்கை கேப்பாங்க. அஞ்சு வேலை நாள்ல அறிக்கை வரணும், அது வந்து அஞ்சு வேலை நாள்ல உத்தரவு போடணும், இந்தக் கணக்கை நீங்கதான் காலண்டர்ல குறிச்சு வச்சுக் கேக்கணும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாதுன்னா இடைக்காலப் பாதுகாப்பு வேணும்னு மனுவுலயே ஒரு வரி எழுதுங்க, அந்த வரி இல்லாத மனுவை அவசரமா யாரும் எடுக்குறதில்ல. உள்ளூர் போலீஸ் மேலயே சந்தேகம்னா அதையும் எழுதுங்க, மறைக்காதீங்க. விசாரணை ரகசியமா இருக்கணும்னு விதி, ஆனா ஏட்டு யூனிஃபார்மோட வந்து தெருமுனைக் கடைல "இன்னார் வீடு எது"ன்னு கேட்டா தெருவுக்கே தெரிஞ்சிடும். "போன்ல கூப்பிடுங்க, நானே வர்றேன்"னு முன்கூட்டியே எழுதிக் குடுத்துடுங்க.

ஆதாரம் இல்லன்னு சொல்லித்தான் அதிகம் தட்டிக் கழிக்கிறாங்க. டீ குடுத்ததுக்கு என்ன ஆதாரம்னு கேப்பாங்க. அதுக்கு ஒரு நோட்டு போடுங்க, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், அவன் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை, பக்கத்துல யார் இருந்தாங்க. கால் ஹிஸ்டரியை அழிக்காதீங்க. ஸ்டேஷன்ல கம்ப்ளைண்ட் குடுத்தா சிஎஸ்ஆர் ரசீது (புகார் வாங்குனதுக்கான சீட்டு) வாங்காம வெளிய வராதீங்க. பொய் சாட்சி சொல்லுன்னு மிரட்டுறதே தனிக் குற்றம், பிஎன்எஸ் 232, ஏழு வருஷம் வரைக்கும் உள்ள தள்ளலாம். கோர்ட்ல போய் சொல்லிக்கோன்னு போலீஸ் கைகழுவ முடியாது, நேரா எஃப்ஐஆர் போடலாம்னு 2025 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மனுவோட அந்த எஃப்ஐஆரும் இருந்தா டிஎஸ்பி அறிக்கைல "மிரட்டல் எதுவும் இல்லை"ன்னு எழுதுறது கஷ்டம்.

என்ன கேக்கணும்ங்கிறதுலயும் ஏமாறாதீங்க. பாதுகாப்பு வேணும்னு மொட்டையா எழுதுனா ராத்திரி ஒரு தடவை ரோந்து வந்துட்டுக் கணக்கை முடிச்சிடுவாங்க. வாய்தா அன்னைக்கு வீட்ல இருந்து கோர்ட்டுக்குப் போக வர அரசு வண்டியும் போலீஸ் துணையும், எதிரி முகத்தைப் பார்க்காம தனி ரூம்ல இருந்தோ வீடியோவுலயோ சாட்சி சொல்ற வசதி, வீட்டுக்கு சிசிடிவி, கொஞ்ச நாள் வேற ஊர்ல தங்க ஏற்பாடு, ஒத்தி வைக்காம சாட்சியை முடிக்கிறது, இதெல்லாம் திட்டத்துல பேர் சொல்லி இருக்கு. உங்களுக்கு எது வேணுமோ அதைப் பேர் சொல்லிக் கேளுங்க. எஸ்சி, எஸ்டி வன்கொடுமைக் கேஸ்னா அந்தச் சட்டத்தோட 15ஏ பிரிவுல சாட்சிக்குப் பயணச் செலவும் சாப்பாட்டுச் செலவும்கூட உண்டு, கேக்காம யாரும் தர மாட்டாங்க.

வக்கீலுக்குக் காசு இல்லன்னு விட்டுடாதீங்க. கோர்ட் வளாகத்துலயே மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு ஆபீஸ் இருக்கும், இல்லன்னா 15100க்குப் போன் பண்ணுங்க, பொம்பளைங்களுக்கும் எஸ்சி, எஸ்டி மக்களுக்கும் வருமானம் பார்க்காம இலவசமா வக்கீல் வைப்பாங்க. இப்ப எந்த ஃபார்ம்ல மனு குடுக்கணும்னும் அங்கயே கேட்டு வாங்கிக்கலாம். மனு தள்ளுபடி ஆனா 15 நாளுக்குள்ள மறுஆய்வு கேக்கணும், அதனால உத்தரவுக் காப்பியை அன்னைக்கே வாங்கிடுங்க.

உத்தரவு கிடைச்சவங்களும் ஒண்ணு கவனிக்கணும். ஒரு தடவைக்கு மூணு மாசத்துக்கு மேல பாதுகாப்பு குடுக்க மாட்டாங்க. கேஸ் வருஷக்கணக்குல ஓடும், தொண்ணூறாவது நாள் வீட்டு வாசல்ல நின்ன போலீஸ் கிளம்பிடுவார், அடுத்த வாய்தா அதுக்கு அடுத்த வாரமா இருக்கும். ரெண்டாவது மாசம் முடியுறப்பவே நீட்டிப்பு மனு போட்டுடுங்க, அதுலயும் சீல் வாங்குங்க.