பையன்களும் பெண் பிள்ளைகளும் கபடியில் மோதலாமா? முழங்கால் காயங்களைப் பார்க்கும் இயன்முறை மருத்துவரின் கருத்து

தை பிறந்துவிட்டால் உசிலம்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் பக்கத்து ஊர்களில் மின்னொளிக் கபடிப் போட்டிகள் களைகட்டும். அடுத்த சில வாரங்களில் மதுரையில் இயன்முறை மருத்துவம் பார்க்கும் என் போன்றவர்களிடம் முட்டி வீங்கிய பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருவார்கள். பெண் பிள்ளைகளின் தகப்பன்மார் பலரும், மருந்துச் சீட்டை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி, “இனிமே இவள பசங்களோட சேர்ந்து விளையாட விடலாமாங்கய்யா?” என்று கேட்பதுண்டு. மதிப்போடு பதில் சொல்ல வேண்டிய கேள்வி இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பருவ வளர்ச்சி தொடங்கும்வரை இருபாலாரும் சேர்ந்து ஆடுவதில் தடை சொல்ல எதுவுமில்லை. அது தொடங்கிய பிறகு, கபடி, மல்யுத்தம், ஜூடோ போல உடலோடு உடல் மோதும் விளையாட்டுகளில் பையன்களையும் பெண் பிள்ளைகளையும் போட்டிக்கென்று எதிரெதிரே நிறுத்தக் கூடாது. ஆனால், நிறுத்தக் கூடாது என்று சொல்லும் பள்ளிக்கும் ஊருக்கும் அந்தப் பிள்ளைக்கென்று தனியாக ஓர் அணியை உருவாக்கித் தரும் கடமையும் உண்டு. இந்த இரண்டாம் பாதியை மறந்துவிட்டு முதல் பாதியை மட்டும் நிறைவேற்றுவதுதான் நம் பக்கத்தில் அதிகம் நடக்கிறது.

பெண் பிள்ளைகளுக்குப் பருவ வளர்ச்சி பொதுவாக 8 முதல் 13 வயதுக்குள்ளும், பையன்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் தொடங்குகிறது. அதற்கு முன் ஓட்டத்திலும் தாண்டலிலும் வலுவிலும் இருபாலாருக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகச் சிறியது. பெண் பிள்ளைகளின் வேகமான வளர்ச்சி சுமார் 12 வயதில் உச்சத்தைத் தொடும். பையன்களுக்கு அது இரண்டு ஆண்டுகள் தள்ளி வரும். எந்த ஊரின் ஆறாம் வகுப்பிலும் வாட்டசாட்டமாக இருப்பவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளைகளே என்பதற்குக் காரணம் இதுதான். அந்த வயதில் மோதினால் விழுவது பையனாகவும் இருக்கலாம். உடலோடு உடல் மோதிப் பந்தாடும் ரக்பி விளையாட்டின் இங்கிலாந்து அமைப்பு 11 வயதுக்குட்பட்டோர் பிரிவுவரை இருபாலாரையும் சேர்ந்தே ஆட விட்டு, அதற்கு மேல் பிரித்துவிடுகிறது. ஏறத்தாழ அதே எல்லையை நாமும் வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்புவரை மண்ணில் புரண்டு, எப்படி விழ வேண்டும், எப்படி உருண்டு எழ வேண்டும் என்று பையன்களோடு சேர்ந்து பழகிய பெண் பிள்ளையின் உடல், பின்னாளில் காயத்திலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளும் முறையை நன்றாக அறிந்திருக்கிறது என்பது என் அனுபவம்.

அதன் பிறகு நிலைமை விரைவாக மாறுகிறது. வளர்ந்த ஆணின் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன், பெண்ணுக்கு இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருக்கும். எலும்பின் தடிமன், தோளின் அகலம், தசையின் திரட்சி, இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு ஆகிய எல்லாவற்றையும் அது கூட்டுகிறது. முழு வளர்ச்சிக்குப் பின் ஓட்டத்தில் இருபாலாருக்கும் உள்ள இடைவெளி 10 முதல் 12 சதவீதம்தான். கைகளும் தோள்களும் சேர்ந்த மேலுடல் வலுவிலோ, பெண்ணின் வலு சராசரியாக ஆணின் வலுவில் பாதி முதல் 60 சதவீதம் வரையே இருக்கிறது. “எடை பார்த்து நிறுத்தினால் சரியாகிவிடாதா?” என்று உடற்கல்வி ஆசிரியர்கள் சிலர் கேட்கிறார்கள். முழுவதும் சரியாகாது. 55 கிலோ எடையுள்ள பதினாறு வயதுப் பையனையும் அதே எடையுள்ள பெண் பிள்ளையையும் தராசு ஒன்றாகக் காட்டலாம். ஆனால் அவன் எடையில் தசையின் பங்கு கூடுதல், பிடிக்கும் கையின் வலு அதனினும் கூடுதல்.

கபடியில் இது எங்கே வந்து முடிகிறது என்பதைச் சொல்ல வேண்டும். ஏறிப் பாடுபவர் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கித் திரும்பும் நொடியில் அவருடைய எடை முழுவதும் ஒரே காலில் நிற்கும். அந்தக் கணுக்காலை ஒருவர் பிடித்துக்கொள்ள, பாதம் தரையில் பூட்டப்பட்டுவிடுகிறது. உடல் திரும்பிக்கொண்டே இருக்கிறது. கைகோத்து நிற்கும் மற்ற இருவர் அதே கால்மேல் விழுகிறார்கள். திருகும் விசை அத்தனையும் முழங்காலுக்குள் இறங்குகிறது.

இந்த விதமாகவே காயம்பட்டுச் சென்ற ஆண்டு ஒரு பதினைந்து வயதுப் பிள்ளை வந்தாள். ஊர்ப் பையன்களின் அணியில் ஆள் குறைந்ததால் அவளைச் சேர்த்திருக்கிறார்கள். எதிரணியில் கல்லூரி மாணவர்களும் இருந்திருக்கிறார்கள். முட்டிக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டதாகவும், வீடு போய்ச் சேர்வதற்குள் முட்டி வீங்கிவிட்டதாகவும் சொன்னாள். எண்ணெய்க்கட்டுப் போட்டு மூன்று வாரம் கழித்தே அழைத்து வந்தார்கள். இத்தகைய முழங்காலைச் சற்றே மடக்கி, ஒரு கையால் தொடையை அசையாமல் பிடித்து, மறு கையால் கெண்டைக்கால் எலும்பை முன்னுக்கு இழுத்துப் பார்ப்போம். உள்ளேயிருக்கும் ஏ.சி.எல். என்னும் முன் ஜவ்வு நன்றாக இருந்தால், இழுப்பு ஓரிடத்தில் கயிறு இறுகியதுபோல் நிற்கும். அவளுக்கு நிற்கவில்லை, எலும்பு வழுக்கிக்கொண்டு என் கையோடு வந்தது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அதையே உறுதி செய்தது. அறுவை சிகிச்சை செய்துகொண்டாலும், திரும்பவும் களத்தில் இறங்கக் குறைந்தது 9 மாதமாவது ஆகும். அவளுடைய பத்தாம் வகுப்பு ஆண்டு ஊன்றுகோலோடு தொடங்கியது.

இந்தக் காயத்துக்குப் பையன்களை மட்டுமே காரணமாகச் சொன்னால் அது நேர்மையாகாது. திடீரெனத் திரும்பியும் தாவியும் ஆடும் விளையாட்டுகளில், ஏ.சி.எல். அறுபடும் வாய்ப்பு ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் எட்டு மடங்கு அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன; அவற்றில் பெரும்பகுதி யாரும் மோதாமலேயே, தவறாகத் தரையிறங்குவதால் நிகழ்பவை. தாவி இறங்கும்போது முட்டி உள்நோக்கி மடிவதும், தொடையின் பின்தசை போதிய வலுவில்லாமல் இருப்பதும் அவற்றுக்குப் பெரிய காரணங்கள். பயிற்சியால் இவற்றைத் திருத்த முடியும். நார்வேயில் 13 முதல் 17 வயதுவரையான 1,892 கால்பந்து வீராங்கனைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஆய்வில், ஓட்டம், ஒற்றைக்கால் சமநிலை, தாவி இறங்குதல், பின்தொடை வலுவூட்டல் ஆகியவை சேர்ந்த இருபது நிமிடத் தயாரிப்புப் பயிற்சியை ஒழுங்காகச் செய்த குழுவில் கடும் காயங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. இதற்கு ஜிம் வேண்டாம். பள்ளி மைதானமும் பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும் போதும். ஆகவே பையன்களிடமிருந்து பிரித்துவிட்டதோடு பிள்ளைகள் பத்திரமாகிவிட்டார்கள் என்று எந்தப் பள்ளியும் இருந்துவிடக் கூடாது. தமிழகத்தில் 15 முதல் 49 வயதுவரையான பெண்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுகிறது. காலையில் வெறும் தேநீரோடு மைதானத்துக்கு வரும் பிள்ளை, தன் வயதுப் பெண்களோடு ஆடினாலும் சீக்கிரம் களைத்துத் தவறாகக் கால் வைப்பாள்.

தலைக்காயத்தையும் மறந்துவிட முடியாது. பெண் பிள்ளைகளின் கழுத்துத் தசை மெலிந்தது. அதே மோதலில் அவர்கள் தலை கூடுதலாக உலுங்கும். கோட்டுக்கு வெளியே தள்ளும் ‘டேஷ்’ பிடியில் பின்மண்டை தரையில் அடிபட்டு, வாந்தியோ மயக்கமோ குழப்பமோ தெரிந்தால் அன்று ஆட்டம் முடிந்தது என்றே பொருள். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

பெற்றோர் தயங்கித் தயங்கிக் கேட்கும் இன்னொன்று, தொடுவது பற்றியது. இடுப்புப் பிடியும் தொடைப் பிடியும் இல்லாமல் கபடி இல்லை. அந்தத் தயக்கத்தைப் பழைய காலத்து எண்ணம் என்று நான் ஒதுக்குவதில்லை. பிடிபடக் கூசுகிற பிள்ளை உடலை விறைத்துக்கொண்டு விலகுவாள். பிடிக்கக் கூசுகிற பையன் பாதியில் கையை விடுவான். இரண்டும் காயத்தில் முடியும். அதற்கு நேர்மாறாக, “பொம்பளப் பிள்ளகிட்டத் தோத்துட்டியே” என்று கரையில் நிற்பவர்கள் கத்தியதும் பையன் தேவைக்கு மேல் முரட்டுத்தனமாக இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அந்தச் சொல் இருவரையுமே காயப்படுத்துகிறது; கரையில் நிற்கும் பெரியவர்கள்தான் அதை முதலில் நிறுத்த வேண்டும்.

விளையாட்டின் விதிகள் இந்த வேறுபாட்டை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கின்றன. ஆண்கள் கபடிக்கு 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்ட களம், 40 நிமிட ஆட்டம். பெண்களுக்கு 12 மீட்டருக்கு 8 மீட்டர், 30 நிமிடம். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோவுக்குக் கலப்பு அணிப் போட்டி வந்தபோதுகூட, ஓர் அணியில் ஆணும் பெண்ணும் இருந்தார்களே தவிர, மேடையில் ஆணோடு ஆணும் பெண்ணோடு பெண்ணும்தான் மோதினார்கள். சேர்ந்திருப்பதற்கும் மோதுவதற்கும் நடுவில் ஒரு நல்ல வழி இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பயிற்சியிலும் அதே வழியைப் பின்பற்றலாம். பிடிக்கும் பெண் பிள்ளைகளின் கண்ணும் காலும் வேகத்துக்குப் பழகட்டும் என்று பையன்களை ஏறிப் பாட விடும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். அதை நான் தடுப்பதில்லை. ஆனால் தொட்டதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். டேஷும், கைகோத்து வளைத்துப் பிடிக்கும் சங்கிலிப் பிடியும் கூடாது. மேட் விரித்த தரையிலோ நன்றாகக் கொத்திவிட்ட மண்ணிலோதான் ஆட வேண்டும். பெண் ஆசிரியர் ஒருவர் உடனிருக்க வேண்டும். வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால் காரணம் கேட்காமல் விலக்கிவிட வேண்டும்.

அமெரிக்காவில் 1972இல் வந்த கல்விச் சமத்துவச் சட்டத்தின் விதிகள், மோதல் விளையாட்டுகளில் பெண்களுக்குத் தனி அணி வைத்துக்கொள்ள அனுமதிக்கின்றன. அதே சட்டம்தான் பெண்களுக்குச் சமமான வாய்ப்புத் தர வேண்டும் என்றும் கட்டாயப்படுத்துகிறது. இங்கே நமக்கு, பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்து மோதும் குறுவட்ட அளவிலிருந்தே பெண்களுக்குத் தனிப் போட்டி இருக்கிறது. சிக்கல் அதற்குக் கீழே, ஊரில் தொடங்குகிறது. ஓர் உயர்நிலைப் பள்ளியில் விருப்பமுள்ள பெண் பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள்; களத்தில் எழுவர், மாற்று ஆட்கள் ஐவர் எனப் பன்னிரண்டு பேர் சேராததால் அணியே அமையாது; பிறகு அவள் பையன்களோடு ஆடுவாள், அல்லது வீட்டில் இருப்பாள். செல்லம்பட்டிப் பக்கத்திலோ வாடிப்பட்டிப் பக்கத்திலோ அடுத்தடுத்த மூன்று ஊர்ப் பிள்ளைகளை வார இறுதியில் ஒரே மைதானத்தில் கூட்டினால் ஓர் அணிக்கு ஆள் சேர்ந்துவிடும். அழைத்துப் போக ஒரு வண்டியும், கூட வர ஒரு தாயும் இருந்தால் நடந்துவிடக் கூடிய காரியம் அது. விழாக் குழுவினர் அடுத்த தை மாதத்துக்குச் சுவரொட்டி அடிக்கும்போது, பெண்களுக்கென்று ஒரு பிரிவையும், அணிக்கு ஐந்து பேர் என்றாலும் பரவாயில்லை என்று சேர்த்து, ஆண்களுக்குத் தரும் அதே பரிசுத் தொகையையும் அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.